ஒரு கப்பற்காரரின் பத்திரங்கள்

கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் யாது தொடர்பு? கடலூர்க் கரை எங்கள் ஊருக்குக் கிழக்கே ஐம்பது கல்லுக்கு அப்பாலுள்ளது. மேற்கே கல்வராயன் மலை நின்று வானை மறைக்கின்றது. அம்மலையினின்று இழியும் கோமுகி மணிமுத்தாற்றோடு கூடி, மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கூடி, வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலிற் புகுகின்றது. எங்கள் ஊரிலிருந்து கடலுக்குச் செல்வது அத்தண்ணீர் ஒன்றே என்று யான் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் அவ்வெண்ணம் மாறிற்று.

எங்கள் வீட்டுப் பழைய வேதபுத்தகத்தின் அட்டை கழன்றுபோக, அதனைக் கட்டடம் செய்விக்கும் பொருட்டு ஏடுகளைப் புரட்டியபோது, சங்கீதப் பகுதியில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று, ஆங்கிலத்தில் அச்சிட்டு இடையிடையே மையால் நிரப்பப்பெற்ற தாள். நான்காய் மடிந்து மடிப்புக்கள் அற்றுப்போயிருந்தது. மற்றொன்று மணியார்டர்த் தாளின் அடித்துண்டு. இவை என் பாட்டனாருடைய பெரியப்பாவின் காகிதங்கள் என்பதைப் பாட்டியார் கண்டவுடன் கூறிவிட்டார். கூறியதோடு நில்லாமல், "ஓடிப்போனவர் காகிதம் எதற்கு? பழைய காகிதக்காரனிடம் போட்டுவிடு" என்றும் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் வழங்கிய வரலாறு இதுவே: பெரியப்பா மணமான மறு ஆண்டே எம்டன் கப்பலில் வேலைக்குப் போனார், சிலகாலம் பணம் அனுப்பினார், பின்பு கப்பலைவிட்டு ஓடி, எங்கேயோ வேறொரு குடும்பம் நடத்தினார். அவருடைய மனைவியார் முதுமையெய்தி இறக்குமட்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவரை ஊரார் 'ஓடினவன் பெண்டாட்டி' என்றே குறித்தனர் என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவருடைய மானமும், அவரினும் மிகுதியாக மற்றொருவருடைய வாழ்நாளும் இவ்வொரு சொல்லில் அகப்பட்டுக் கிடந்தமையால், காகிதங்களைக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவற்றைப் படிக்கும் முறையைக் கற்கத் தொடங்கினேன். கற்றவற்றுட் சில பிறர்க்கும் பயன்படுமென்று இங்கு எழுதுகின்றேன்.

முதலில் எம்டனை எடுத்துக்கொள்வோம். எம்டன் என்பது ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு அது சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய 'சிட்னி'யாற் சிதைக்கப்பட்டது. தென்னார்க்காட்டு உழவர் மகன் அதில் ஏறிப் பணிபுரிந்தார் என்பதற்கு இடமே இல்லை. ஆயினும் குடும்பச் செய்தியை முழுப்பொய்யென்று தள்ளிவிடலாகாது. நம் முன்னோர் ஆண்டை எண்ணால் நினைவு வைத்தவரல்லர். தாது வருஷப் பஞ்சம், பெரும்புயல், எம்டன் குண்டு என நிகழ்ச்சிகளால் நினைவு வைத்தனர். 'எம்டன் வந்த ஆண்டு கப்பலுக்குப் போனார்' என்னும் சொல், வாய்க்கு வாய் மாறி 'எம்டன் கப்பலுக்குப் போனார்' என்றாயிற்று என்று கருதுகின்றேன். இவ்வாறு கொள்ளின், பிழைபட்ட அச்செய்தியே அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்ட ஆண்டு 1914 என்பதை நமக்குத் தருகின்றது.

இனி அச்சிட்ட தாளுக்கு வருவோம். அது கப்பற் பணியாளர்க்கு ஒரு பயணம் முடிந்தவுடன் கொடுக்கப்படும் விடுவிப்புச் சான்று. பிரிட்டனில் 1900-ஆம் ஆண்டு முதல் இச்சான்றுகள் புத்தக வடிவிலும் வழங்கப்பெற்றன. அதற்கு முன்னும், பலர்க்குப் பின்னும், பயணத்துக்கு ஒன்றாகத் தனித்தாளே உரியதாயிருந்தது. கப்பலின் பெயர், அதன் பதிவெண், பதிவான துறை, சுமை அளவு, பணியாளன் பெயர், வயது, பிறந்த இடம், பணி, அமர்ந்த நாள், விடுபட்ட நாள், விடுபட்ட இடம், நடத்தையும் திறமையும் என்று கட்டங்கள் அமைந்திருக்கும். எங்கள் தாளிற் கப்பலின் பெயர் இருந்த மூலை செல்லரித்துப் போயிற்று. அதைக் கண்டு யான் கலங்கினேன். கலங்கவேண்டுவதில்லை என்று பின்பு அறிந்தேன். பெயர் போயினும் எண் நின்றது. 1854-ஆம் ஆண்டின் கப்பற் சட்டத்துக்குப் பின், பிரிட்டிஷ் பதிவுக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனியெண் கொடுத்து, அதனைக் கப்பலின் தலையாய உத்தரத்திலே வெட்டிப் பொறித்தனர். கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் அப்பதிவு உள்ளவரை எண் மாறாது. ஒரே பெயருடைய கப்பல்கள் பல உண்டு. ஒரே எண்ணுடைய கப்பல்கள் இரண்டு இல்லை. ஆதலின் பெயரினும் எண்ணே நமக்கு உற்ற துணை.

அதன் அருமை வேறொரு காரணத்தாலும் பெரிது. இலண்டனில் அரசினரிடம் எல்லா மாலுமிகளின் பெயரும் அகரவரிசையில் இருக்குமென்றும், பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவரென்றும் யான் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. வாணிகக் கப்பலோர்க்கு ஆள்வாரியான பதிவேடு 1857-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டு, 1913-இல் மீண்டும் தொடங்கப்பெற்றது. அங்ஙனம் தொடங்கியதிலும் போரின் முற்பகுதிக்குரிய அட்டைகள் எஞ்சவில்லை. எஞ்சியவை ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு பயணத்துக்கும் எழுதிய ஆட்பட்டியல்கள். அவை கப்பலின் எண்ணையும் ஆண்டையும் கொண்டே அடுக்கப்பட்டுள்ளன. அவையும் ஓரிடத்தில் இல்லை. 1863 முதல் 1938 வரையுள்ளவற்றுட் பத்தில் ஏழு பங்கு கனடாவைச் சார்ந்த நியூபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்வரலாற்று ஆவணக்களரியில் உள்ளன. ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்குரியவை கிரீனிச்சில் உள்ள தேசியக் கடற்காட்சிச் சாலையில். பத்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில். 1915-ஆம் ஆண்டின் பட்டியல்கள் மட்டும், ஏறக்குறைய 39,000, பெயர் பெயராக எடுத்தெழுதப்பெற்று இணையத்தில் யாவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன.

ஆகவே, இன்ன கப்பலில் இன்ன ஆண்டு இருந்தார் என்று நாம் சொல்லக் கூடுமானால் அவர்கள் பட்டியலை எடுப்பர்; ஆளின் பெயரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் கைவிரிப்பர். பூட்டுக்கள் கிரீனிச்சிலும் நியூபவுண்ட்லாந்திலும் இருக்கின்றன. சாவி கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு வேதபுத்தகத்துக்குள் இருந்தது. அச்சாவியைத்தான் பாட்டியார் பழைய காகிதக்காரனுக்குப் போடச் சொன்னார்.

பெயரை நம்பித் தேட இயலாமைக்கு இன்னுமொரு காரணமுண்டு. கப்பலில் ஐரோப்பியப் பணியாளர்க்கு ஓர் உடன்படிக்கையும், 'லாஸ்கர்' எனப்பட்ட ஆசியப் பணியாளர்க்கு வேறோர் உடன்படிக்கையும் எழுதுவது வழக்கம். லாஸ்கருடைய சம்பளம் ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும். பெயரை எழுதியவர் தம் காதிற் பட்டவாறு எழுதினர். நம் 'முத்து' அவர் கையில் 'மூட்டூ' ஆயிற்று. 'சாமி' 'சாமே' ஆயிற்று. ழகரம் பட்ட பாட்டைத் தமிழ் மாணவர்க்கு யான் சொல்லவேண்டா. எங்கள் தாளில் உள்ள பெயரை மும்முறை வாய்விட்டுப் படித்த பின்னரே அது எங்கள் பெரியப்பாவின் பெயரென்று புலப்பட்டது. பிறந்த இடம் என்னும் கட்டத்தில் 'மெட்ராஸ்' என்று ஒரே சொல். கஞ்சத்திலிருந்து திருநெல்வேலி வரை அம்மாகாணம் பரந்து கிடந்த காலம் அது! நேட்டாலுக்குக் கரும்பு வெட்டச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் கப்பற் பட்டியலில் தந்தை பெயர், ஜில்லா, தாலுக்கா, கிராமம் வரை எழுதினர். கூலியைப் பிடித்துக் கொடுத்தவர்க்கு அவன் ஊர் தேவையாயிருந்தது. கப்பலை ஓட்டியவனுக்கு ஊர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கருதினர் போலும்.

வயதும் அவ்வாறே. தாளில் 28 என்றிருக்கிறது. எங்கள் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டின்படி அவருக்கு அப்பொழுது 22. இவ்விரண்டில் எதனை நம்புவது என்பதில் ஐயமில்லை. குழந்தையைக் கையில் ஏந்தியவர் அன்றே எழுதிய எழுத்தும், மேசைக்கு அப்பாலிருந்து முகத்தைப் பார்த்து மதித்து எழுதிய எழுத்தும் ஒன்றாகமாட்டா. சான்று எழுதப்பட்ட நோக்கத்தை அறிந்தே அதன் ஒவ்வொரு கட்டத்தையும் எடைபோட வேண்டும். வயதிற் பொய்த்த அதே தாள் நாளிலும் இடத்திலும் பொய்க்காது. ஏனெனில் சம்பளக் கணக்கு அவற்றைப் பற்றியே நின்றது.

பணி என்னும் கட்டத்தில் 'நிலக்கரி தள்ளுபவர்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் காணப்படுகின்றது. இக்கட்டமே என் முதல் வினாவுக்கு விடை தந்தது. மேல்தளத்து வேலைக்குச் சாரங்கு, தண்டல், சுக்கானி எனப்பட்டோர் கடற்கரை ஊர்களிற் பிறந்து, காற்றும் அலையும் பழகியவராதல் வேண்டும். தண்டல் என்னும் நம் சொல்லையே ஆங்கிலக் கப்பலோரும் எடுத்து வழங்கினர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஆனால் நீராவிக் கப்பல் வந்தபின் உலைக்களம் ஒன்று கப்பலின் வயிற்றுக்குள் ஏற்பட்டது. அங்கே நெருப்புக்கு நிலக்கரி இடுவோரும், கிடங்கிலிருந்து அந்நிலக்கரியை வாரித் தள்ளுவண்டியிற் கொணர்வோரும் கடலைப் பார்த்திருக்க வேண்டுவதில்லை. பணியில் இருக்கும்போது பார்க்கவும் இயலாது. வெப்பந் தாங்கும் உடலும் வீட்டில் வறுமையும் போதும். பஞ்சாபிலும், காஷ்மீரைச் சார்ந்த மீர்ப்பூரிலும், சில்ஹெட்டிலும் உள்நாட்டு உழவர் மக்கள் ஆயிரக்கணக்காய் உலையறை வேலைக்குச் சென்றது இவ்வாறே. எங்கள் பெரியப்பாவும் அவர் போன்ற ஒருவர். கடலைக் காணாத ஊரிற் பிறந்து, கடலைக் காணாத அறையிலே கடலைக் கடந்தார்.

அவ்வறை எத்தகையது என்று தாள் கூறாது. கட்டங்களுக்கு அது தெரியாது. அதனை அறிய விரும்புவோர் அமீர் ஹைதர் கான் என்பாருடைய தன்வரலாற்றைப் படித்தல் வேண்டும். அவர் ராவல்பிண்டி ஜில்லாவில் 1900-ஆம் ஆண்டிற் பிறந்து, முதற் போர்க்காலத்திற் பம்பாயிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களிற் பணிக்குச் சென்றவர். 1918-இல் அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறி, பின் மாஸ்கோவில் பயின்று, 1931-இல் சங்கர் என்னும் மாற்றுப் பெயரோடு சென்னைக்கு வந்து தொழிலாளரிடையே பொதுவுடைமை இயக்கத்தைக் கட்டியவர். மறு ஆண்டு பகத் சிங்கைப் புகழ்ந்த துண்டு வெளியீட்டுக்காகச் சென்னையிற் சிறைப்பட்டவர். அவர் கொள்கையை நாம் ஏற்பினும் ஏலாவிடினும், கப்பல் லாஸ்கர் ஒருவர் தம் வாழ்வைத் தாமே விரித்தெழுதிய நூல் மிக அரிது என்பதை மறத்தலாகாது. அவர் எழுத நேர்ந்தது; மற்றவர்க்கு நேரவில்லை. 1914-இல் பிரிட்டிஷ் வாணிகக் கப்பல்களில் இருந்த லாஸ்கர்கள் 51,000-க்கு மேற்பட்டவர்.

இனி, என் நெஞ்சில் நின்ற வினா: அவர் ஓடினாரா? இதற்கு விடை தேட யான் முதலில் வெகுதூரம் அலைந்தேன். விடையோ கையிலேயே இருந்தது. கப்பலை விட்டு ஓடியவனுக்கு விடுவிப்புச் சான்று கிடையாது. ஆட்பட்டியலில் அவன் பெயருக்கெதிரே 'ஓடினான்' என்று எழுதி, சேரவேண்டிய சம்பளத்தையும் விட்டுச்சென்ற பொருளையும் பறித்துக்கொள்வர். ஆகவே இத்தாள் ஒன்று இருத்தலே அப்பயணத்தில் அவர் ஓடவில்லை என்பதற்குச் சான்று. அதில், 1916 அக்டோபரிற் கல்கத்தாவிற் பணியில் அமர்ந்தார் என்றும், 1917 ஜூனில் அதே துறையில் விடுபட்டார் என்றும் உள்ளது. லாஸ்கர்களை இந்தியத் துறைக்கே திரும்பக் கொணர்ந்து விடுவித்தல் உடன்படிக்கையின் விதியாதலால், கல்கத்தாவில் அவர் இறங்கியது தம் விருப்பத்தால் வீட்டைத் துறந்ததன்று. நடத்தை, திறமை என்னும் இரு கட்டங்களிலும் 'மிக நன்று' என்னும் முத்திரை பதிந்துள்ளது. கப்பற்றலைவர் 'கருத்துரைக்க மறுக்கிறேன்' என்று எழுதிவிட்டால் அத்தாளைக் காட்டி வேறு கப்பலில் வேலை பெறுதல் அரிது. அஃது ஒரு சாபம் போன்றது. நம்மவர் தாளில் அது இல்லை. 1917-ஆம் ஆண்டு பிப்ரவரி முதலாக ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எக்கப்பலையும் எச்சரிக்கையின்றி மூழ்கடித்துவந்த காலத்தில், கப்பலின் அடிவயிற்றில் நின்று அவர் பெற்ற முத்திரை அது.

மற்றொரு காகிதமாகிய மணியார்டர் அடித்துண்டு சிறியது. ஆயினும் அவர் கையெழுத்து அஃதொன்றே. அச்சிட்ட தாளிலுள்ள எழுத்தெல்லாம் பிறர் எழுத்து. இத்துண்டில் அனுப்பிய தொகை எட்டு ரூபாய்; செய்தி இரண்டே வரி, மிஷன் பள்ளியிற் பயின்ற வட்டமான தமிழெழுத்து. தாம் நலமென்றும், மறு கப்பலுக்குக் காத்திருப்பதாகவும், அறுப்புக்கு முன் வருவதாகவும் எழுதியிருக்கின்றார். நாள் எழுதவில்லை. தபால் முத்திரையை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோது, கல்கத்தாவின் கப்பற்றுறைப் பகுதியாகிய கிடர்ப்பூரும், 1917 ஜூலையும் தெரிந்தன. முத்திரை என்பது எழுதியவர் விருப்பு வெறுப்புக்கு உட்படாத சான்று. தேதியிடாத கடிதத்துக்கு அதுவே தேதி. பழங்கடிதம் வைத்திருப்போர் தபால்தலையை மட்டும் கத்தரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகின்றனர். அவ்வாறு செய்யாதிருக்க வேண்டுகின்றேன்.

அறுப்புக்கு முன் அவர் வரவில்லை. இதற்குமேல் எங்களிடம் காகிதமில்லை.

முதற் போரில் இறந்த லாஸ்கர்கள் 3,427 பேர் என்றும், சிறைப்பட்டோர் 1,200 பேர் என்றும் கணக்குண்டு. கல்கத்தாவில், கங்கைக் கரையில், 1924-இல் எழுப்பப்பட்ட லாஸ்கர் நினைவுச்சின்னம் வங்காளம், அஸ்ஸாம் முதலிய பகுதிகளைச் சார்ந்த 896 பேரைக் குறித்தது. பம்பாயில் மஸ்ஜித் பந்தர் அருகே இந்திய மாலுமிகள் இல்லத்தில் உள்ள 1914–1918 நினைவுச்சின்னம், கடலையன்றி வேறு கல்லறையில்லாத இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு உரியது. சிறைப்பட்டோர் அட்டைகளை ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்கத்தார் இணையத்தில் வைத்துள்ளனர். போரில் இறந்தோர் பெயர்களைக் காமன்வெல்த் போர்க்கல்லறைக் குழுவினரின் பட்டியலிற் காணலாம். இவ்விரண்டிலும் எங்கள் பெரியப்பாவின் பெயரை, பதினொரு வகையாகப் பிழைபட எழுதிப் பார்த்துத் தேடினேன். அதனை ஒத்த பெயர்கள் சில உள. தந்தை பெயரோ ஊரோ பொருந்தியது ஒன்றுமில்லை. கல்கத்தாவிற் பணியிலமர்ந்த தென்னார்க்காட்டுக்காரனை எந்தத் துறையார் தம்மவன் என்று எண்ணியிருப்பர்?

கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுகற்கள் உள்ளன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1972-இல் அவற்றை நூலாக வெளியிட்டனர். வகுப்பில் அக்கல்வெட்டுக்களைப் படித்தபோது அவற்றின் அமைப்பு எனக்கு உலர்ந்ததாகவே தோன்றிற்று: அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன், ஊர், வீரன் பெயர், எதன்பொருட்டுப் பட்டான் என்பது. இப்பொழுது அங்ஙனம் தோன்றவில்லை. அவையும் கட்டங்களே. ஆநிரை மீட்டுப் பட்டவனுக்கு அவனூரார் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினர். எங்கள் வீட்டுத் தாளிற் கடைசிக் கட்டங்கள் நிரம்பவில்லை.

இத்தகைய காகிதம் தம் வீட்டில் இருக்கக் காண்போர்க்கு, பட்டறிவால் ஒரு சொல்: மடிப்பை நீக்கி நேராக வையுங்கள், ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள், நாளடைவில் அதன் பசை எழுத்தைத் தின்னும், முன்னும் பின்னும் படம் எடுத்துவிடுங்கள். வீட்டிலுள்ள முதியோர் சொல்வதை, அது பிழையெனத் தெரிந்தாலும், திருத்தாமல் அவ்வாறே எழுதிக்கொள்ளுங்கள். எம்டன் எனக்கு ஆண்டைக் காட்டியது அவ்வாறு எழுதி வைத்தமையால்தான்.

கப்பலின் எண்ணையும் 1916, 1917 என்னும் ஆண்டுகளையும் குறித்து நியூபவுண்ட்லாந்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றேன். அப்பட்டியல் கிடைப்பின் அவர் சென்ற துறைகள் தெரியலாம். உடன் சென்றவர் பெயர்களும் தெரியலாம். அடுத்து ஏறிய கப்பலை அது கூறாது. அதனை அறிய வேறு வழி தேடல் வேண்டும்.

வேதபுத்தகத்தின் முன்னேட்டில் எங்கள் குடும்பத்தாரின் பிறப்பு, விவாகம், மரணம் எழுதும் பக்கம் உண்டு. பெரியப்பாவின் பெயருக்கு நேரே மரணம் என்னும் இடத்தில், யாரோ என்றோ பென்சிலால் 'ஓடிப்போனார்' என்று எழுதியிருந்தனர். விடுவிப்புத் தாளின் பொருளை யான் வரிவரியாய்ப் படித்துச் சொன்னபின், பாட்டியார் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை என் தங்கையின் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு வந்து, அவ்வெழுத்தை மெல்ல அழித்தார். அவ்விடத்தில் வேறொன்றும் எழுதவில்லை. விண்ணப்பத்துக்கு விடை வருமாயின் அடுத்த ஆண்டு மலரில் எழுதுவேன்.